பெயரிடப்படாத பணியாளர்: சமூகவழி மனநல மறுவாழ்வில் நேர்வு மேலாண்மையின் வரலாறும் தமிழகக் குடும்பமும்

ஆய்வுச்சுருக்கம்

தீவிர மனநோய்க்கு ஆளானோர் மருத்துவமனைக்கு வெளியே வாழ்வதற்குத் தேவையான உதவிகளை ஒருங்கிணைத்துத் தொடர்ந்து உடன்நிற்கும் பணி 'நேர்வு மேலாண்மை' எனப்படுகிறது. 1970களில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் உருப்பெற்ற இம்முறை, மூடப்பட்ட மருத்துவமனைகள் ஆற்றிவந்த பணிகளுக்கு மாற்றாக எழுந்தது. தமிழகத்திலோ அப்பணிகளைப் பெரும்பாலும் மருத்துவமனை ஆற்றியதில்லை, குடும்பமே ஆற்றியது. எனவே இங்கு இம்முறையின் வரலாற்றை மருத்துவமனையின் தேய்விலிருந்தன்றிக் குடும்பத்தின் தளர்விலிருந்து எழுதவேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது. மேடிசன், கீழ்ப்பாக்கம், ஏர்வாடி, காஞ்சிபுரம் ஆகிய இடங்களின் வரலாற்றுச் செய்திகளும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நேர்வு மேலாண்மை, மனநல மறுவாழ்வு, மனச்சிதைவு, குடும்பப் பராமரிப்பு, ஏர்வாடி, களப்பணியாளர்

சொல்லும் அதன் சுமையும்

ஆங்கிலத்தில் 'கேஸ் மேனேஜ்மென்ட்' என வழங்கும் தொடரைத் தமிழில் 'நேர்வு மேலாண்மை' எனப் பெயர்க்கலாம். பெயர்ப்பு பொருந்தினாலும் களத்தில் அச்சொல் வழங்குவதில்லை. தமிழ்ப் பேச்சுவழக்கில் 'கேஸ்' என்பது முதலில் நீதிமன்றத்தையும் காவல்நிலையத்தையும் நினைவூட்டும்; அடுத்து மருத்துவமனை வாயிலில் 'ஒரு கேஸ் வந்திருக்கிறது' என்று சொல்லப்படும் நோயாளியைக் குறிக்கும். இரண்டிலும் ஆள் மறைந்து கோப்பு நிற்கிறது. மேலைநாடுகளிலும் இச்சொல்லுக்கு எதிர்ப்பு எழாமலில்லை. தாங்கள் கோப்புகளும் அல்லர், தங்களை எவரும் மேலாளவும் தேவையில்லை என்னும் மறுப்பைச் சேவை பெறுவோர் இயக்கங்கள் 1990களிலேயே முன்வைத்தன.

சொல்லின் மூலம் மனநலத்துறை அன்று. 1869இல் லண்டனிலும் 1877இல் அமெரிக்காவின் பஃபலோ நகரிலும் தோன்றிய அறக்கொடை ஒழுங்கமைப்புச் சங்கங்கள், உதவி நாடிவந்த ஒவ்வொரு ஏழைக் குடும்பத்தையும் தனித்தனியே விசாரித்துப் பதிவுசெய்தன. மேரி ரிச்மண்ட் 1917இல் வெளியிட்ட 'சோஷியல் டயக்னோசிஸ்' எனும் நூல் அவ்விசாரணையை ஒரு தொழில்முறையாக்கியது. உதவுதல், கண்காணித்தல் ஆகிய இரண்டும் ஒரே கையில் இருப்பது இம்முறையின் பிறவிக்குணம் எனலாம். பின்வரும் வரலாற்றில் இவ்விரண்டும் மாறிமாறித் தலைதூக்குவதைக் காணலாம்.

மேடிசன்: சுவர்கள் செய்த வேலை

1955இல் அமெரிக்க ஐக்கிய நாட்டின் மாநில மனநல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5,59,000 பேர் இருந்தனர். அன்றைய மக்கள்தொகையில் சுமார் 300 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு இது. அதற்கு முந்தைய ஆண்டு சந்தைக்கு வந்த குளோர்ப்ரோமசின் எனும் மருந்து, மருத்துவமனைகளின் இழிநிலை பற்றிய செய்திகள், செலவைக் குறைக்க விரும்பிய மாநில அரசுகள், 1963 அக்டோபர் 31 அன்று ஜான் கென்னடி கையெழுத்திட்ட சமூக மனநல மையச் சட்டம், 1965இன் மருத்துவ உதவித் திட்டம் ஆகியன ஒன்றுசேர்ந்து அந்த எண்ணிக்கையைக் கால்நூற்றாண்டில் கால்பங்கு அளவுக்குக் குறைத்தன. வெளியேறியவர்களுள் பலர் மீண்டும் மீண்டும் திரும்பிவந்தனர். மருத்துவமனை வாயில் சுழற்கதவானது என்று அக்காலத்தோர் எழுதினர்.

காரணம் மருந்தின் குறைபாடு மட்டுமன்று. மருத்துவமனை என்பது சிகிச்சை தரும் இடமாக மட்டும் இருந்திருக்கவில்லை. உணவு, உறைவிடம், உடை, கைச்செலவுக்குக் காசு, பேச ஆள், பகலை நிரப்ப ஒரு வேலை, மாத்திரையை நீட்டும் கை, உடல்நோய் கண்டால் மருத்துவர் என அனைத்தும் ஒரே சுற்றுச்சுவருக்குள் கிடைத்தன. கிடைத்தவற்றின் தரம் வேறு பேச்சு. சுவரைத் தாண்டியவுடன் இவை பத்து அலுவலகங்களாகச் சிதறின. எந்த அலுவலகமும் அம்மனிதருக்கு முழுப்பொறுப்பு ஏற்கவில்லை என்பதை அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 1977இல் வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டியது. அதே ஆண்டில் தேசிய மனநல நிறுவனம் தொடங்கிய சமூக ஆதரவுத் திட்டம், நேர்வு மேலாளரை இன்றியமையாத கூறுகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

விடை அதற்கு முன்பே விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் உருவாகியிருந்தது. மெண்டோட்டா மாநில மருத்துவமனையில் ஆர்னால்டு மார்க்ஸ், லியோனார்டு ஸ்டெயின், மேரி ஆன் டெஸ்ட் ஆகியோர் ஆய்வுப்பிரிவு ஒன்றை நடத்திவந்தனர். அப்பிரிவிலிருந்த ஒரு சமூகப்பணியாளர் பொறுப்பேற்று அனுப்பிய நோயாளிகள் மற்றவர்களைப்போல் திரும்பிவரவில்லை என்பதைப் பணியாளர்கள் கவனித்தனர் என்பது இத்துறையில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. அவர் புதுமையாக எதையும் செய்துவிடவில்லை. வெளியேறியவரோடு கூடவே சென்றார், தொலைபேசியில் விசாரித்தார், வீட்டுக்காரரிடம் பேசினார், பேருந்தேறக் கற்றுக்கொடுத்தார். 1972இல் அப்பிரிவினர் மருத்துவமனையை விட்டு நகருக்குள் இடம்பெயர்ந்தனர். துணி துவைக்கும் கடையிலும் மளிகைக் கடையிலும் நோயாளியின் அடுக்களையிலும் சிகிச்சை நடந்தது. குழு நாள்தோறும் கூடியது. இரவுபகல் எந்நேரமும் ஒருவர் அழைப்புக்கு இருந்தார். ஒரு பணியாளருக்குப் பத்துப்பேர் அளவில் பொறுப்பு என்னும் விகிதம் இம்மரபிலிருந்தே பின்னர் நிலைபெற்றது.

ஸ்டெயினும் டெஸ்டும் 1980இல் வெளியிட்ட ஆய்வில் 130 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். சமூகத்தில் வைத்துப் பராமரிக்கப்பட்ட குழுவினர் மருத்துவமனைக்குத் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. அவர்களின் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டது. ஆனால், இவ்வாய்வின் மிக முக்கியமான முடிவு அதுவன்று. 14 மாதங்களுக்குப் பின் குழு விலகிக்கொண்டபோது, பெற்ற நலன்களில் பெரும்பகுதி கரைந்துபோயிற்று. பயிற்சியளித்து விலகிவிடலாம் என்ற எண்ணத்தில் 'சமூக வாழ்வுக்கான பயிற்சி' என்றே அத்திட்டத்திற்குப் பெயரிட்டிருந்தனர். அந்தப் பெயரே பிழையென்று முடிவு காட்டியது. இப்பணிக்குக் கெடு வைக்கக்கூடாது என்பதே மேடிசன் கற்றுத்தந்த பாடம். இம்முறையைப் பின்னாளில் எடுத்தாண்ட திட்டங்கள் பலவும் முதலில் கைவிட்டது இப்பாடத்தைத்தான்.

இங்கிலாந்தில் இம்முறை வேறு நிறம் கொண்டது. 1991இல் நடைமுறைக்கு வந்த பராமரிப்புத் திட்ட அணுகுமுறை, ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பொறுப்புப் பணியாளரை விதித்தது. 1992 டிசம்பரில் லண்டன் பாதாள ரயில் நிலையம் ஒன்றில் மனநோய்க்கு ஆளான ஒருவர் முன்பின் அறியாத இளைஞரைக் கொன்ற நிகழ்வுக்குப்பின் விசாரணைக்குழு அமைந்தது. 1994இல் கண்காணிப்புப் பதிவேடுகளும் வந்தன. உதவும் கை பின்வாங்கிக் கண்காணிக்கும் கண் முன்வந்த காலம் அது. 708 பேரைக் கொண்டு நடத்தி 1999இல் வெளியிடப்பட்ட ஆய்வு, பணியாளருக்கு 30 முதல் 35 பேர் என்பதை 10 முதல் 15 பேராகக் குறைத்ததால் மட்டும் மருத்துவமனையில் கழியும் நாட்கள் குறையவில்லை என்றது. எண்ணிக்கையைக் குறைத்தால் போதாது, அந்த நேரத்தில் பணியாளர் செய்வது என்ன என்பதே கேள்வி எனத் துறையினர் உணர அது உதவியது.

கீழ்ப்பாக்கம்: தேவைக்குப் போதாத சுவர்

இவ்வரலாற்றைத் தமிழகத்திற்கு அப்படியே பொருத்துவது கல்விப்புலத்தில் வழக்கமாகிவிட்டது. மருத்துவமனைக் காலம், மருத்துவமனை நீக்கம், சமூகப் பராமரிப்பு என்னும் மூன்று படிகளில் பாடநூல்கள் இதை எழுதுகின்றன. இரண்டாம் படி தமிழகத்தில் நிகழவே இல்லை என்பதுதான் சிக்கல்.

சென்னையில் 1794இல் வாலண்டைன் கொனோலி எனும் அறுவை மருத்துவர் தொடங்கிய புகலிடமே இங்கு முதலாவது. 1871இல் அது கீழ்ப்பாக்கத்திற்கு மாறியபோது அங்குச் சென்றவர்கள் 145 பேர். பின்னாளில் அந்நிறுவனம் 1,800 படுக்கைகள் கொண்டதாக வளர்ந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் மக்கள்தொகை 7.21 கோடி. அதாவது சுமார் 40,000 பேருக்கு ஒரு படுக்கை. மாவட்டப் பொது மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளைச் சேர்த்தாலும், 300 பேருக்கு ஒருவர் உள்ளிருந்த 1955ஆம் ஆண்டின் அமெரிக்காவோடு இதை ஒப்பிட இயலாது. 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயர் தமிழ்த் திரைப்பட நகைச்சுவையிலும் தெருப்பேச்சிலும் வசையாக நிலைபெற்ற அளவுக்கு அம்மருத்துவமனை மக்கள் வாழ்வில் இடம்பெறவில்லை. பெயர் எங்கும் பரவியது. படுக்கை சிலருக்கே கிடைத்தது.

எஞ்சியோர் எங்கிருந்தனர்? வீட்டில் இருந்தனர். இதனை மருத்துவத்துறை அறிந்தேயிருந்தது. அறிந்து பயன்படுத்தவும் செய்தது. அமிர்தசரஸில் வித்யாசாகர் 1950களில் நோயாளிகளின் உறவினர்களை மருத்துவமனை வளாகத்தில் கூடாரமடித்துத் தங்கவைத்தார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் நோயாளியுடன் உறவினரும் தங்குவது 1950களின் பிற்பகுதியிலிருந்தே நடைமுறை. நோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிரிப்பதே சிகிச்சையின் முதற்படி என மேலைநாடுகளில் கருதப்பட்ட காலத்தின் தொடர்ச்சியில் இது நிகழ்ந்தது என்பது நோக்கத்தக்கது. 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்க மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் சாரதா மேனன், உள்நோயாளிகளுக்குத் தொழில்வழிச் சிகிச்சையை வளர்த்தவர். வெளியேறியோரின் மறுவாழ்வுக்கென்று தனி அமைப்பு வேண்டுமெனக் கருதி, ஓய்வுக்குப்பின் 1984இல் மனச்சிதைவு ஆய்வு அறக்கட்டளையான ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

குடும்பம் ஆற்றிய பணிகளைப் பட்டியலிட்டால் மேடிசன் குழுவின் பணிப்பட்டியலே கிடைக்கும். மாத்திரையைச் சோற்றோடு கலந்தேனும் கொடுப்பது, மருத்துவரிடம் அழைத்துச்செல்ல ஒருநாள் கூலியை இழப்பது, அக்கம்பக்கத்தாரிடம் சமாதானம் சொல்வது, இரவில் கதவருகே படுப்பது, தெரிந்தவர் கடையில் சிறுவேலை வாங்கித்தருவது ஆகிய இவையனைத்தும் நேர்வு மேலாண்மையே. சம்பளமில்லை, பயிற்சியில்லை, பெயருமில்லை. பெரும்பாலும் இப்பணியை ஆற்றியவர் தாய். அவருக்குப்பின் தமக்கை அல்லது மனைவி. 'குடும்பம்' என்னும் பொதுச்சொல் இந்தப் பெண்ணை மறைத்துவிடுகிறது என்பதைத் தமிழ் ஆய்வுலகம் இன்னும் போதிய அளவு கருத்தில் கொள்ளவில்லை.

இவ்வேற்பாட்டின் வலிமையும் ஊனமும் சென்னையில் நடந்த ஓர் ஆய்வில் ஒருசேர வெளிப்பட்டன. நகர்ப்புறச் சமூகம் ஒன்றில் கண்டறியப்பட்ட மனச்சிதைவு நோயாளிகளுள் கால்பங்கினருக்கு மேற்பட்டோர் ஒருமுறைகூடச் சிகிச்சை பெற்றதில்லை என 1998இல் பத்மாவதியும் உடனாய்ந்தோரும் தெரிவித்தனர். அவ்வாறு சிகிச்சை பெறாதோர் ஆளற்றவர்களாக இருப்பர் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால், அவர்கள் ஆள் நிறைந்த பெரிய குடும்பங்களில் வாழ்வோராக இருந்தனர். தாங்குவதற்குக் கைகள் பல இருந்ததால் மருத்துவரைத் தேடும் நெருக்கடி எழவில்லை. ஆகவே, குடும்பம் நல்ல மேலாளராக இருந்த இடத்திலேயே நோய் மருத்துவம் காணாமல் முற்றியது. கூட்டுக்குடும்பத்தைப் போற்றும் கட்டுரைகள் இந்த முடிவைக் கடந்து செல்வதுண்டு. கடக்கக்கூடாத முடிவு இது.

மற்றோர் ஊனம் காலம் சார்ந்தது. மணமுறிவுற்றுப் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பிய மனச்சிதைவு நோயுடைய பெண்களைப் பற்றித் தாராவும் உடனாய்ந்தோரும் 2003இல் வெளியிட்ட ஆய்வுகளில், தமக்குப்பின் மகளை யார் பார்ப்பார் என்ற பெற்றோரின் அச்சம் மேலோங்கி நிற்கிறது. நோய் இருபதுகளில் தொடங்கி எழுபதுகள்வரை நீளக்கூடியது. தாயின் ஆயுள் அதற்கு ஈடுகொடுப்பதில்லை. மேடிசன் குழு 14ஆம் மாதத்தில் விலகியபோது நேர்ந்தது தமிழகக் குடும்பத்தில் தாயின் இறப்போடு நேர்கிறது.

ஏர்வாடி: சங்கிலி ஆற்றிய பணி

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியிலுள்ள தர்காவுக்கு மனநோய்க்கு ஆளானோரை அழைத்துவருவது நெடுங்கால வழக்கம். சமய வேறுபாடின்றி மக்கள் வந்தனர். கனவில் உத்தரவு வரும்வரை தங்குவது மரபு. உத்தரவு எப்போது வரும் என்பதற்குக் கணக்கில்லை. உடன்தங்க இயலாத உறவினர் மாதந்தோறும் பணம் கொடுத்து ஒப்படைத்துச் செல்லும் தனியார் காப்பகங்கள் தர்காவைச் சுற்றி எழுந்தன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அவற்றுள் ஒன்றான ஓலைக்கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட இயலவில்லை. 28 பேர் இறந்தனர். ஒரு வாரத்திற்குள் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர்.

இந்நிகழ்வு மூடநம்பிக்கையின் விளைவாகவும் காப்பக உரிமையாளரின் கொடுமையாகவும் எழுதப்பட்டுள்ளது. இரண்டும் உண்மையே. ஆயினும் அவ்விளக்கங்கள் ஒரு கேள்வியைத் தொடுவதில்லை: உறவினர் எதற்காக மாதப்பணம் கொடுத்தனர்? இறைவனின் அருளுக்குக் காப்பகம் தேவையில்லை. தர்கா எவர்க்கும் திறந்தே இருந்தது. அவர்கள் விலைகொடுத்து வாங்கியது சோறு, கூரை, காணாமற்போகாமல் பார்த்துக்கொள்ளும் காவல் ஆகியவற்றை. இவை தாய் செய்துவந்த வேலைகள். தாயால் இயலாதபோதும் தாய் இல்லாதபோதும் அவ்வேலையை ஏற்க அரசின் ஏற்பாடு எதுவும் இல்லாத நிலையில் சந்தை ஏற்றது. ஆளுக்குப் பதில் சங்கிலியை வைத்தது. ஒருவர் பத்துப்பேரின் பின்னால் அலைவதைவிடப் பத்துப்பேரைக் கட்டிவைப்பது மலிவு. மனித உழைப்பு தேவைப்படும் பணியை உழைப்பின்றி நடத்தியதன் பெயரே அந்தச் சங்கிலி. இவ்வாறு நோக்குவது அக்கொடுமையைச் சிறிதும் குறைப்பதாகாது. குடும்பத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி அரசை விடுவிக்கும் வாசிப்பையே இது மறுக்கிறது.

அரசும் நீதிமன்றமும் அளித்த மறுமொழி கவனிக்கத்தக்கது. உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. மாவட்டவாரியாகக் காப்பகங்களைக் கணக்கெடுக்கவும், உரிமமற்றவற்றின்மீது நடவடிக்கை எடுக்கவும், மாநிலத்திற்கு ஓர் அரசு மனநல மருத்துவமனையேனும் இருப்பதை உறுதிசெய்யவும் 2002 பிப்ரவரியில் ஆணையிட்டது. அவை தேவையான ஆணைகள். ஆனால், அவை கட்டடங்களைப் பற்றியவை. ஏர்வாடியில் இல்லாமற்போனது கட்டடமன்று. வீட்டிலிருந்தவரை மாதம் இருமுறை வந்து பார்த்திருக்கக்கூடிய ஓர் ஆள் இல்லாமற்போனார்.

அத்தகைய ஆளுக்கான இடம் காகிதத்தில் முன்பே இருந்தது. 1982இல் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்டது. பெல்லாரி மாவட்டத்தில் சோதித்துப் பார்த்தபின் 1996இல் மாவட்ட மனநலத் திட்டமாக நான்கு மாநிலங்களில் தொடங்கியபோது தமிழகத்திற்குத் திருச்சிராப்பள்ளி தேர்வானது. திட்டத்தின் நடுநாயகம் மருத்துவரும் மருந்தும்தான். மாவட்டத் தலைநகரில் மருந்து கிடைத்தது என்பது சிறு சாதனையன்று. ஆனால், அதை வாங்க வராதவரைத் தேடிச்செல்லும் ஆள் மெலிந்தே இருந்தார்.

ஏர்வாடியிலேயே பின்னர் நடைமுறைக்கு வந்த 'தவா-துவா' ஏற்பாடு, தர்கா வளாகத்தை ஒட்டியே மருத்துவம் தந்து, மருந்தையும் பிரார்த்தனையையும் ஒன்றற்கொன்று பகையாக்காமல் நடத்திவருகிறது. நம்பிக்கையை எள்ளாமல் நோயாளி இருக்கும் இடத்திற்கே மருத்துவம் சென்ற வகையில் அது மேடிசன் குழுவின் அடுக்களைச் சிகிச்சைக்குத் தொலைதூர உறவு எனலாம்.

திருப்போரூரும் காஞ்சிபுரமும்: களப்பணியாளர் வருகை

ஸ்கார்ஃப் நிறுவனம் 1980களின் இறுதியில் திருப்போரூர் வட்டாரத்தில் சமூக மனநல மருத்துவப் பணியைத் தொடங்கியபோது உள்ளூர்க்காரர்களைப் பணியாளராக்கியது. வீட்டுத்திண்ணையில் அமர்ந்து பேசத்தெரிந்தவர், எந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் அடைபட்டிருக்கிறார் என்பதை அறிந்தவர், பட்டம் பெற்றவரைவிடச் சில வேலைகளில் மேம்பட்டவர் என்பது அங்குப் பட்டறிவாயிற்று.

அப்பட்டறிவு முறையான சோதனைக்கு உட்பட்டது கோப்சி எனச் சுருக்கமாக வழங்கும் ஆய்வில்தான். சுதிப்தோ சாட்டர்ஜியும் உடனாய்ந்தோரும் 2014இல் 'லான்செட்' இதழில் இதை வெளியிட்டனர். தமிழகத்தின் காஞ்சிபுரம், மகாராட்டிரத்தின் சாத்தாரா, கோவா ஆகிய இடங்களில் மனச்சிதைவு நோயுடைய 282 பேர் கலந்துகொண்டனர். 187 பேருக்கு வழக்கமான மருத்துவத்தோடு சமூகப் பணியாளரின் வீட்டுச்சந்திப்பும் கிடைத்தது. 95 பேருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். மனநலத்தில் முன்பயிற்சி இல்லாத உள்ளூர்ப் பணியாளர்கள் வீடுதேடிச் சென்று மருந்தின் தேவையை விளக்கினர், குடும்பத்தாரோடு பேசினர், உடல்நலத்தைக் கவனித்தனர், அரசு உதவிகளைப் பெற வழிகாட்டினர், வேலைக்குத் திரும்ப உதவினர். மேடிசன் பட்டியலே மீண்டும் வருகிறது. ஒரு வேறுபாடு உண்டு: மேடிசன் பணியாளர் குடும்பத்தின் இடத்தில் நின்றார், காஞ்சிபுரத்துப் பணியாளர் குடும்பத்தின் பக்கத்தில் நின்றார்.

பன்னிரண்டு மாத முடிவில் நோய்க்குறிகளும் செயலிழப்பும் வீட்டுச்சந்திப்பு பெற்றவர்களிடம் கூடுதலாகக் குறைந்திருந்தன. வேறுபாடு பெரிதன்று. நோய்க்குறி ஐந்திலொரு பங்குக்கு மேல் குறைந்தோரின் விகிதம் இரு குழுவிலும் ஒன்றாகவே, அதாவது 51 விழுக்காடாக இருந்தது. இவ்வாய்வை வெற்றிக்கதையாக மட்டும் எடுத்தாள்வோர் இவ்வெண்ணையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நலன் மிகுதியாகத் தெரிந்தது தமிழகக் களத்தில். அதுவே ஊர்ப்புறத் தன்மை மிக்கதும் மருத்துவ வசதிக்குத் தொலைவானதுமான களம். வசதி குறைந்த இடத்தில்தான் வந்து கதவைத் தட்டும் ஆளுக்கு மதிப்பு கூடுகிறது.

வீட்டுச்சந்திப்புகள் தொடக்க மாதங்களில் நெருக்கமாகவும் பின்னர் இடைவெளி விட்டும் அமைந்து பன்னிரண்டாம் மாதத்தோடு நின்றன. ஆய்வு நிதியின் இயல்பு அது. நோய்க்கு அக்கெடு தெரியாது. 1980இல் மேடிசன் எச்சரித்த அதே இடத்தில் 34 ஆண்டுகளுக்குப்பின் காஞ்சிபுரமும் வந்து நிற்கிறது. இடைப்பட்ட காலத்தில் அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் சுகாதாரச் செவிலியர் எனக் கெடுவின்றித் தொடரும் களப்பணியிடங்களைத் தாய்சேய் நலத்திற்காக ஊர்தோறும் நிலைநிறுத்திக் காட்டிய மாநிலம் தமிழகம் என்பதை இங்கு நினைவிற்கொள்வது பொருந்தும். இயலாமை அன்று, முன்னுரிமையின்மையே தடை.

குடும்பம் இல்லாத இடத்தில்

குடும்பத்தின் பக்கத்தில் நிற்பது ஒரு பணி. குடும்பமே இல்லாதபோது என்ன செய்வது? வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் சென்னையில் தொடங்கிய பான்யன் அமைப்பு, தெருவில் அலைந்த மனநோயுற்ற பெண்களுக்கான புகலிடமாக உருவெடுத்தது. தேறியவர்களை ஊர் தேடிக் கொண்டுசேர்ப்பதே முதலில் அதன் இலக்கு. பலர் சேர்ந்தனர். சிலருக்கு ஊர் இருந்தும் வீடு இல்லை; வேறு சிலருக்கு வீடு இருந்தும் இடம் இல்லை. ஆண்டுக்கணக்கில் புகலிடத்திலேயே தங்கிவிட்டவர்களுக்காக 2015இல் தொடங்கிய 'ஹோம் அகெய்ன்' திட்டத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் வாழ்கின்றனர். உடன் ஓர் உதவியாளர் இருக்கிறார். சமையல், கடைத்தெரு, கோயில், அண்டைவீட்டார் என வாழ்க்கை நடக்கிறது. உலக நலவாழ்வு அமைப்பு 2021இல் வெளியிட்ட சமூக மனநலச் சேவைகள் பற்றிய வழிகாட்டுதலில் எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக இது இடம்பெற்றது.

வரலாற்று நோக்கில் இங்குக் கவனிக்கவேண்டியது திட்டத்தின் வடிவம். அமெரிக்க மருத்துவமனை சிதைந்தபோது அதன் பணிகளை ஒரு குழுவாக மாற்றியமைத்தனர். தமிழகத்தில் குடும்பம் இல்லாமற்போனபோது குடும்பத்தையே மாற்றியமைக்க முனைந்துள்ளனர். இரு நாடுகளும் தாம் இழந்ததன் சாயலிலேயே மாற்றைக் கண்டன.

சட்டம் யாரை அழைக்கிறது?

2018 மே 29 முதல் நடைமுறையிலுள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, இவ்வரலாற்றின் பல இழைகளை ஏற்றுக்கொண்டது. பிரிவு 18 இடைநிலை இல்லங்களையும் ஆதரவுடன்கூடிய தங்குமிடத்தையும் வீட்டுவழி மறுவாழ்வையும் உரிமையின் பகுதியாக்குகிறது. பிரிவு 19 சமூகத்தில் வாழும் உரிமையைச் சொல்கிறது. குடும்பம் இல்லை அல்லது கைவிட்டது என்பதற்காக ஒருவரை மனநல நிறுவனத்திலேயே வைத்திருத்தல் கூடாது என்கிறது. பிரிவு 95 எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. ஏர்வாடியின் நிழல் அப்பிரிவில் படிந்துள்ளது.

நேர்வு மேலாண்மைக்கு மிக நெருங்கியது பிரிவு 98. நோயாளியை நிறுவனத்திலிருந்து சமூகத்திற்கு அனுப்பும்போது, பொறுப்பிலுள்ள மனநல மருத்துவர் அந்நோயாளியையும் அவர் நியமித்த பிரதிநிதியையும் வெளியேறியபின் அவர் உடன்வாழவிருக்கும் குடும்பத்தாரையோ பராமரிப்பாளரையோ கலந்து, இனிச் சிகிச்சையும் சேவைகளும் எவ்வாறு தொடரும் என்பதற்குத் திட்டம் வகுப்பதை உறுதிசெய்யவேண்டும். திட்டம் வகுக்கும் பொறுப்பு மருத்துவருடையது. அதை எடுத்துச்செல்பவர் யாரென்று பிரிவு சொல்லவில்லை. 'மனநலச் சமூகப்பணியாளர்' என்னும் சொல்லுக்குச் சட்டத்தின் தொடக்கத்தில் வரையறை உண்டு. ஆனால், இப்பிரிவில் அவர் பெயரால் அழைக்கப்படவில்லை. கலந்துபேச அழைக்கப்படுபவர்களுள் திட்டத்தோடு பேருந்தேறி ஊர்வரை செல்லப்போகிறவர் உடன்வாழவிருக்கும் அந்த உறவினர் மட்டுமே. மாத்திரை அட்டைகளும் அடுத்த வருகைத் தேதி குறித்த சீட்டும் இன்றும் அவர் கைப்பையில்தான் வைக்கப்படுகின்றன.